கல்வராயன் மலையில் வீடியோ எடுக்க எந்த லென்ஸ்? எல்லோரும் சொல்லும் 50 எம்எம் ஏன் முதலில் வேண்டாம்?

கேமரா வாங்கியாச்சு. மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்து எந்த லென்ஸ்? இந்தக் கேள்விக்கு யூடியூபிலும் சரி, ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன்களிடமும் சரி, வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "50 எம்எம் எஃப்/1.8 எடுத்துடு தம்பி. பத்தாயிரம் ரூபாய் சுத்துல முடிஞ்சிடும். பேக்ரவுண்ட் அப்படியே கரைஞ்சு சினிமா மாதிரி இருக்கும்."

ஃபோட்டோவுக்கு இது நல்ல பதில். ஒருவர் முகத்தை அழகாக எடுக்க அந்த விலையில் அதைவிட நல்ல கண்ணாடி கிடைப்பது கஷ்டம். ஆனால் கள்ளக்குறிச்சியைச் சுற்றி வீடியோ எடுக்க நினைக்கிறவருக்கு, அதாவது கல்யாண வீடு, மரச்சிற்பப் பட்டறை, கூவாகம் திருவிழா, கல்வராயன் மலைக் கிராமம் என்று போகிறவருக்கு, அது முதல் லென்ஸ் இல்லை. மூன்றாவதாக வாங்கலாம். ஏன் என்று சொல்கிறேன். லென்ஸின் தரத்தில் குறை எதுவும் இல்லை. அறையின் அளவு, வெளிச்சம், எதிரில் நிற்கிற மனிதர் ஆகியவைதான் இங்கே பிரச்சினை.

"ஃபோனே 4கே எடுக்குது, எதுக்கு டிஎஸ்எல்ஆர்?" என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. பகல் வெளிச்சத்தில் ரீல்ஸ் மட்டும் போடுவதென்றால் ஃபோன் போதும். காசை மிச்சம் பிடியுங்கள். ஆனால் ஸ்டுடியோக்காரர்கள் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதால் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களும் லென்ஸ்களும் செகண்ட் ஹேண்டில் நிறைய வருகின்றன. இரவு, உட்புறம், பேட்டி, ஒரு மணி நேர ஆவணப்படம் என்று யோசிக்கிறவருக்கு இது நல்ல காலம்.

ஒரு தமிழ்ப் படம் சொல்லும் பாடம்

பாலாஜி சக்திவேல் இயக்கத்தில் 2012-ல் வந்த 'வழக்கு எண் 18/9' படத்தை ஒளிப்பதிவாளர் விஜய் மில்டன் கேனான் 7டி கேமராவில் எடுத்தார். கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய ஸ்டில் கேமரா அது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அந்தப் படத்துக்குக் கிடைத்தது.

இதில் நமக்கு வேண்டிய விஷயம் வேறு. 7டி-யின் சென்சாரும் இன்று உங்கள் கையில் இருக்கிற 200டி, 1500டி கேமராக்களின் சென்சாரும் ஏறத்தாழ ஒரே அளவு. ஏபிஎஸ்-சி என்பார்கள். வீடியோ ஓடும்போது முகத்தைத் தொடர்ந்து பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் கூட 7டி-யில் கிடையாது. கையால்தான் ஃபோகஸ் திருப்ப வேண்டும். அதாவது உங்கள் கேமரா சில விஷயங்களில் அதைவிட வசதியானது. "பாடி பத்தலை, அடுத்த மாடல் வாங்கினாத்தான் வேலை நடக்கும்" என்று தோன்றும்போது இந்தப் படத்தை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கேனானின் இஎஃப் மவுன்ட் 1987-ல் வந்தது. அந்த வகை லென்ஸ்களை இன்றைய ஆர்எஃப் மிரர்லெஸ் கேமராவிலும் அடாப்டர் போட்டு ஆட்டோஃபோகஸோடு பயன்படுத்தலாம். கேமரா பாடி மாறிக்கொண்டே இருக்கும், லென்ஸ் கூடவே வரும். அதனால் லென்ஸ் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக யோசிப்பது காசுக்கும் நல்லது.

ஏழு மீட்டர் கணக்கு

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஏபிஎஸ்-சி கேமராவில் 50 எம்எம் லென்ஸ் போட்டால் அது பார்க்கிற பரப்பு சுருங்கிவிடும். கேனானில் 1.6 மடங்கு. ஃபுல்ஃபிரேம் கேமராவில் 80 எம்எம் எவ்வளவு காட்டுமோ அவ்வளவுதான் தெரியும். இதை எல்லா யூடியூப் வீடியோவிலும் சொல்கிறார்கள். ஆனால் அடிக்கணக்கில் எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை.

ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவர் தலை முதல் கால் வரை வீடியோ ஃபிரேமுக்குள் வரவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 எம்எம் போட்டால் நீங்கள் ஏறக்குறைய ஏழு மீட்டர், அதாவது 22 அடிக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். 24 எம்எம் போட்டால் 11 அடி. கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸை 18-ல் வைத்தால் 8 அடி போதும்.

இப்போது வெள்ளிமலைப் பக்கம் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து சாமை புடைக்கிறார். வாசல் என்பதே பத்துப் பன்னிரண்டு அடி இருந்தால் அதிகம். 22 அடி பின்னால் போனால் எதிர்வீட்டுக்குள் நிற்பீர்கள், இல்லாவிட்டால் சரிவில். கள்ளக்குறிச்சி டவுனில் கல்யாண மண்டபத்து மணமகள் அறையும் அப்படித்தான். பட்டறையும் அப்படித்தான். 50 எம்எம் வாங்கியவர் கடைசியில் என்ன செய்கிறார்? இடம் இல்லாததால் எல்லோரையும் மார்பு வரைக்கும் எடுக்கிறார். முகம், முகம், மறுபடி முகம். எடிட் டேபிளில் உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பாட்டியின் வீடு எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு ஷாட்டும் இல்லை என்பது தெரியும்.

அந்தப் "பேக்ரவுண்ட் கரையும்" விஷயத்தையும் இங்கேயே பேசிவிடலாம். ஒரு மீட்டர் தூரத்தில் எஃப்/1.8-ல் வைத்து எடுத்தால், தெளிவாக இருக்கும் ஆழம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. இரண்டு விரல் அகலம்தான். ஸ்டில் எடுக்கும்போது சரி. பேசிக்கொண்டே தலையை ஆட்டுகிற ஒருவரை வீடியோ எடுக்கும்போது ஒரு நொடி கண், அடுத்த நொடி காது என்று ஃபோகஸ் அலையும். எஃப்/4-க்குக் குறைத்து எடுத்தால் இந்தத் தொல்லை பாதியாகும். ஆனால் எஃப்/4-ல் எடுப்பதற்கு எஃப்/1.8 லென்ஸ் எதற்கு?

சரி, வெளிச்சம்?

எஃப்/1.8-க்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயமான காரணம் வெளிச்சம்தான். அதை மறுக்க முடியாது. கிட் லென்ஸை 50-55 பக்கம் இழுத்தால் எஃப்/5.6 ஆகிவிடும். அதோடு ஒப்பிட்டால் எஃப்/1.8 கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ 6400 வைத்துப் புள்ளிப் புள்ளியாக வருகிற காட்சி, இதில் 640-ல் சுத்தமாக வரும்.

ஆனால் கிட் லென்ஸை 18-லிருந்து 24-க்குள் வைத்துப் பயன்படுத்தினால் அது எஃப்/4-ஐ ஒட்டியே இருக்கும். அங்கே நிலைமை அவ்வளவு மோசம் இல்லை. இருட்டில் ஜூம் இழுப்பதை விட்டுவிட்டு நான்கு அடி முன்னால் நடந்து போங்கள். செலவில்லாமல் ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடும்.

ஷட்டர் வேகத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் பல மலிவு எல்இடி பல்புகளும் நொடிக்கு 100 முறை துடிக்கும். கேமராவை பால் முறையில் வைத்து, நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் திரையில் கோடு ஓடாது. அமெரிக்க யூடியூபர் சொன்னார் என்று 30 ஃபிரேம், 1/60 வைத்தால் மண்டபத்து டியூப் லைட்டில் கறுப்புப் பட்டை ஏறி இறங்கும். நல்ல லென்ஸ் வாங்கினாலும் இது போகாது. (சீரியல் செட், ரிசப்ஷன் மேடை எல்இடி சமாச்சாரம் தனி. அவற்றில் சில எந்த ஷட்டருக்கும் அடங்காது. முன்கூட்டியே பத்து நொடி எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

மேகம் அருவியில் நண்பகல்

இருட்டு ஒரு பிரச்சினை என்றால் வெயில் அதைவிடப் பெரிய பிரச்சினை. இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

மேகம் அருவிக்கோ பெரியார் அருவிக்கோ மதியம் போய்ச் சேர்கிறீர்கள். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50. உச்சி வெயிலில் சரியான எக்ஸ்போஷருக்கு எஃப்/22 வைக்க வேண்டியிருக்கும். எஃப்/22-ல் எந்த லென்ஸும் மங்கலாகத்தான் காட்டும். எஃப்/4-ல் எடுக்க வேண்டுமென்றால் வெளிச்சத்தை 32 மடங்கு குறைக்க வேண்டும். எஃப்/1.8 என்றால் சுமார் 150 மடங்கு. அதைச் செய்வதுதான் என்டி ஃபில்டர். லென்ஸுக்குப் போடுகிற கூலிங் கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அது இல்லாதவர்கள் ஷட்டரை 1/2000-க்கு ஏற்றுவார்கள். அருவி பட்டுத்துணி மாதிரி விழாது. உடைந்த கண்ணாடித் துண்டு மாதிரி சிதறித் தெரியும். நடக்கிறவர்கள் வெட்டி வெட்டி நடப்பார்கள். ஊரில் எடுத்த பல சுற்றுலா வீடியோக்கள் ஃபோனில் எடுத்த மாதிரியே தெரிவதற்கு இதுதான் காரணம். லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே 50 எம்எம்-க்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் ஒரு நல்ல என்டி ஃபில்டர் வாங்குங்கள். திருப்பினால் இருட்டு கூடிக் குறைகிற வேரியபிள் வகை வசதியானது. ஆனால் ரொம்ப மலிவானதை வாங்கினால் படம் மஞ்சளடிக்கும். வைட் ஆங்கிளில் அதிகமாகத் திருப்பினால் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி நிழல் விழும். உங்களிடம் இருப்பதிலேயே பெரிய வாயுள்ள லென்ஸுக்கு ஃபில்டரை வாங்கிவிட்டு, சின்ன லென்ஸ்களுக்கு ஸ்டெப்-அப் ரிங் போட்டுக்கொள்ளலாம். ரிங் நூறு, இருநூறு ரூபாய் விஷயம்.

மைக்கைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 1500டி-யிலும் நிக்கான் டி3500-லும் மைக் செருகும் துளையே கிடையாது. 200டி, 700டி, டி5600-ல் உண்டு. துளை இல்லாதவர்கள் ஃபோனில் ஒரு காலர் மைக் செருகித் தனியாகப் பதிவு செய்து, எடிட்டில் சேர்த்துவிடலாம். ஆரம்பத்தில் ஒரு கைதட்டு தட்டிவிட்டால் ஒலியை ஒட்டுவது சுலபம். அருவிச் சத்தத்தில் பேச்சே கேட்காத வீடியோவை எஃப்/1.8 காப்பாற்றாது.

பட்டறையில் என்ன வேண்டும்?

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு 2021-ல் கிடைத்தது. அதற்குப் பிறகு பட்டறைக்காரர்களின் பிள்ளைகளே இன்ஸ்டாகிராமில் வேலையைக் காட்டி ஆர்டர் பிடிக்கலாமே என்று யோசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல யோசனை. இங்கே வேண்டியது இரண்டு விதமான ஷாட். ஒன்று, உளியும் கொட்டாப்புளியும் கையுமாக ஆள் முழுசாகத் தெரிவது. இன்னொன்று, உளி நுனியில் சுருள் சுருளாகச் சீவல் வருவது.

கேனான் இஎஃப்-எஸ் 24 எம்எம் எஃப்/2.8 எஸ்டிஎம் என்று ஒரு லென்ஸ் 2014-ல் வந்தது. பிஸ்கட் மாதிரித் தட்டையாக இருக்கும். சென்சாரிலிருந்து 16 சென்டிமீட்டர் தூரம் வரை கிட்டப் போய் ஃபோகஸ் செய்யும். 50 எம்எம் எஸ்டிஎம்-க்கு 35 சென்டிமீட்டர் வேண்டும். அதனால் 24 எம்எம் ஒன்றை வைத்தே பட்டறையின் முழு அகலத்தையும் எடுக்கலாம், உளி நுனியையும் எடுக்கலாம். எடுக்கும்போது மோட்டார் சத்தமும் ரொம்பக் கேட்காது. விலை 50 எம்எம்-ஐவிடச் சில ஆயிரம் கூட இருக்கும், செகண்ட் ஹேண்டில் வித்தியாசம் குறையும்.

குறையும் உண்டு. அதில் ஆட்டம் குறைக்கும் ஸ்டெபிலைசர் கிடையாது. 50 எம்எம்-லும் கிடையாது. கிட் லென்ஸில் உண்டு. கையில் பிடித்து நடந்து எடுக்கிறவருக்குக் கிட் லென்ஸே மேல். ஒரு மோனோபாட் இருந்தால் 24 எம்எம். வெளிச்சத்திலும் கிட் லென்ஸைவிட ஒரு ஸ்டாப்தான் லாபம், அதாவது இரண்டு மடங்கு. அதற்காக அந்தக் காசா என்று கேட்டால், பட்டறைக்குச் சரி, மற்றதற்கு யோசியுங்கள் என்பேன்.

கல்யாண வேலைக்குப் போகிறவர்கள் பதினைந்தாயிரத்துக்கு மேல் செலவு செய்யத் தயார் என்றால், செகண்ட் ஹேண்டில் சிக்மா 17-50 எஃப்/2.8 ஓஎஸ் தேடுங்கள். 17-லும் எஃப்/2.8, 50-லும் எஃப்/2.8. ஜூம் செய்யும்போது படம் இருட்டாகாது. ஸ்டெபிலைசரும் உண்டு. டாம்ரான் 17-50 எஃப்/2.8 இன்னும் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் ஃபோகஸ் மோட்டார் போடுகிற சத்தம் கேமரா மைக்கில் நன்றாகவே விழும். என்னைக் கேட்டால் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் வட்டாரத்துக் கல்யாண வீடியோவுக்கு 17-50 எஃப்/2.8 ஒன்றே போதும். மற்றதெல்லாம் ஆசை.

நிக்கான்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டி3500, டி5600 பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. பழைய 50 எம்எம் எஃப்/1.8டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. ஏஎஃப்-எஸ் 35 எம்எம் எஃப்/1.8ஜி டிஎக்ஸ் 2009-லிருந்து வருகிறது, நல்ல லென்ஸ். முழு ஆள் வர 15 அடி வேண்டும், 50-ஐவிடப் பரவாயில்லை. புது ஏஎஃப்-பி வகை கிட் லென்ஸ் வீடியோவுக்கு அமைதியாக இருக்கும், ஆனால் டி5100, டி7000 போன்ற பழைய பாடிகளோடு ஒத்துப்போகாது. வாங்கும் முன் உங்கள் பாடியில் மாட்டிப் பாருங்கள்.

கேனானிலும் இதே மாதிரி ஒரு வலை உண்டு. 200டி மார்க் 2-ல் 4கே இருக்கிறது என்று பெட்டியில் எழுதியிருக்கும். ஆனால் 4கே-யில் போட்டால் காட்சி இன்னும் சுருங்கும், டூயல் பிக்சல் ஆட்டோஃபோகஸும் வேலை செய்யாது. அதில் 50 எம்எம் போட்டால் நிலைமை சொல்லவே வேண்டாம். ஃபுல் எச்டி-யிலேயே எடுங்கள். பார்ப்பவர்கள் ஃபோனில்தான் பார்க்கப் போகிறார்கள்.

தூரத்திலிருந்து எடுப்பது

இதுவரை சொன்னது காசுக் கணக்கு. இனிமேல் சொல்வதில் உங்களுக்கு உடன்பாடு இல்லாமலும் போகலாம்.

மலிவு லென்ஸ் பட்டியல்களில் 50 எம்எம்-க்கு அடுத்து எப்போதும் வருவது 55-250 டெலிஜூம். "ட்ரைபல் வில்லேஜ் போறப்போ இது இருந்தா அவங்களுக்கே தெரியாம நேச்சுரலா எடுக்கலாம்" என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். அந்த "தெரியாம" என்ற வார்த்தைதான் எனக்கு உறுத்துகிறது.

கல்வராயன் மலையில் வாழ்கிற மலையாளி பழங்குடி மக்கள் (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர்கள் பேசுவது தமிழ்) திரையில் எப்படி வருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்று, அருவி வீடியோவில் ஓரமாக விறகு சுமந்து போகிற உருவமாக. இல்லாவிட்டால் சாராயச் செய்தியில். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அழுகிற வீடுகளின் வாசலில் எத்தனை கேமரா நின்றது என்பதை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம். அடுத்து அந்தக் கேமராக்கள் மலை பக்கம் திரும்பின. சாராயம் காய்ச்சுகிற மலை என்ற ஒரே வரியில் ஊர்கள் எல்லாம் அடங்கிப்போயின. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் அந்த மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, பள்ளி, ஆஸ்பத்திரி பற்றியெல்லாம் அங்கே பேசப்பட்டது.

சாலையைப் பின்னணி கரைந்த ஷாட்டில் காட்ட முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதை 250 எம்எம்-ல் காட்ட முடியாது. டெலி லென்ஸ் தூரத்தை நெருக்கிக் காட்டும், மலைச்சரிவு தட்டையாகத் தெரியும், இரண்டு கிலோமீட்டர் பாதை நாலு அடி எடுத்து வைத்தால் முடிந்துவிடும் போல இருக்கும். ஆளும் அவர் நிற்கிற இடமும் ஒன்றாகத் தெரியவேண்டும் என்றால் 18-லிருந்து 24-க்குள் எடுக்க வேண்டும்.

அப்படி எடுக்க வேண்டுமென்றால் நான்கு அடி, ஐந்து அடி கிட்டப் போய் நிற்க வேண்டும். கிட்டப் போனால் ஒளிந்து எடுக்க முடியாது. "அம்மா, எடுக்கலாமா?" என்று கேட்டே ஆக வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் கேமராவை இறக்க வேண்டும். எடுக்கச் சொன்னால் அவர் உங்களைப் பார்த்துப் பேசுவார், கடுக்காய் விலை என்னாச்சு, மரவள்ளி என்னாச்சு என்று. அந்தப் பேச்சு 250 எம்எம் வைத்திருப்பவருக்குக் கிடைக்காது.

கூவாகத்திலும் இதே கதை. சித்திரையில் 18 நாள் நடக்கும் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவில், தாலி கட்டிக்கொள்ளும் இரவுக்கும், மறுநாள் தேரோட்டம் முடிந்து தாலி அறுக்கும் நேரத்துக்கும்தான் கேமராக்கள் அலைமோதும். திருநங்கைகள் அழுகிற முகத்தை தூரத்திலிருந்து ஜூம் போட்டு இழுத்து, சோகப் பாட்டு ஒட்டி, தம்ப்நெயிலாக வைப்பது வழக்கமாகிவிட்டது. அவர்களில் பலருக்கு ஊரில், வேலை செய்யும் இடத்தில் அந்த வீடியோ என்ன செய்யும் என்று எடுத்தவர் யோசித்திருப்பாரா?

"அப்ப ஜூம் லென்ஸே தப்பா?" இல்லை. தேர் வருவதை, மலை உச்சியில் மேகம் நகர்வதை, கோமுகி அணைக்கு வருகிற பறவையை எடுக்க 55-250 எஸ்டிஎம் அருமையான லென்ஸ், அதில் ஸ்டெபிலைசரும் உண்டு. மனிதர்களை எடுக்க அதை முதல் ஆயுதமாக வைத்துக்கொள்வதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பழைய கண்ணாடி வாங்கும்போது

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள். ஹீலியோஸ் 44-2 மாதிரி பழைய சோவியத் எம்42 லென்ஸ்களை, சில நூறு ரூபாய் அடாப்டர் போட்டுக் கேனானில் மாட்டலாம், தூரத்துக் காட்சி வரை ஃபோகஸ் வரும். நிக்கானில் அதே சாதா அடாப்டர் போட்டால் தூரத்து மலை தெளியாது, ஏனென்றால் நிக்கான் மவுன்டிலிருந்து சென்சார் சற்றுக் கூடுதல் ஆழத்தில் இருக்கிறது. கையால் ஃபோகஸ் பழக இவை நல்ல வாத்தியார். ஆனால் ஹீலியோஸ் 58 எம்எம். மேலே சொன்ன ஏழு மீட்டர் எட்டு மீட்டராகும்.

செகண்ட் ஹேண்ட் லென்ஸ் எதுவானாலும் ஃபோன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சின்னக் கீறல், தூசி பரவாயில்லை, வீடியோவில் தெரியாது. முன் கண்ணாடி பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஏமாறாமல், ஜூம் வளையம் மணல் அரைப்பது போலத் திரும்புகிறதா, ஸ்டெபிலைசர் போட்டால் படம் துள்ளுகிறதா என்று உங்கள் கேமராவிலேயே ஐந்து நிமிடம் ரெக்கார்ட் செய்து பாருங்கள்.

வாங்கிய பிறகும் அந்தப் பூஞ்சை உங்கள் வீட்டிலேயே வரலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைக்குப் போய்வந்து பையை அப்படியே பீரோவுக்குள் வைத்தால் போதும். கடையில் வாங்குகிற டிரை கேபினட் எல்லாம் அவசியமில்லை. காற்றுப் புகாத சமையலறை டப்பா ஒன்று, கொஞ்சம் சிலிக்கா ஜெல். இரவு வெள்ளிமலைக் குளிரில் இருந்துவிட்டு கச்சிராயபாளையம் இறங்கியதும் பையைத் திறந்தால் கண்ணாடி வேர்த்துவிடும். அரை மணி நேரம் மூடியே வைத்திருங்கள். மேகம் அருவிச் சாரலுக்கு இந்த விலை லென்ஸ்கள் எதுவும் தாங்காது. ஒரு யுவி ஃபில்டரும் இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் சட்டைப் பையில் இருக்கட்டும், துணி ஒன்று நனைந்தாலும் இன்னொன்று காய்ந்திருக்கும்.